அத்தியாயம் 7: தினமும் ஆபீஸுக்கு ஸ்போர்ட்ஸ் காரில்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பலர் அதை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மட்டும் வெளியே எடுக்கிறார்கள். ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை ஓர் ஓட்டம், வழியில் டிபன், வெயில் ஏறுவதற்குள் வீடு, மறுபடி உறை. மீதி ஆறு நாளும் அந்த வண்டி நின்றபடியே கெடுகிறது. பேட்டரி இறங்குகிறது. டயர் தரையில் பதிந்த இடம் தட்டையாகிறது. கடற்காற்று பிரேக் டிஸ்க்கில் துரு ஏற்றுகிறது. எலி புகுந்து ஒயரைக் கடித்தால் அந்தச் செலவு தனி. ஆசைப்பட்டு வாங்கிய காரை இப்படிப் பூட்டி வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

தினமும் ஓட்டலாமா என்று கேட்டால், தாராளமாக ஓட்டலாம். இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அதற்குத் தயாராகவே வருகின்றன. 1963-ல் ஃப்ராங்ஃபர்ட் கண்காட்சிக்கு வந்த போர்ஷே 911-ல் அன்றைக்கே பின்னால் இரண்டு சிறு சீட்டுகளும் முன்னால் பெட்டி வைக்க இடமும் இருந்தன. 1989-ல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்தபோது, சின்னதாக, லேசாக, மக்கர் பண்ணாமல் ஓடும் இரண்டு சீட்டு வண்டியைச் சாதாரணச் சம்பளக்காரரும் வாங்கலாம் என்றானது. அடுத்த ஆண்டே ஹோண்டா என்எஸ்எக்ஸ் வந்தது. அலுமினிய உடல், நடுவில் எஞ்சின், ஃபெராரியோடு போட்டி போடும் வேகம், ஆனால் ஏ.சி. ஒழுங்காகக் குளிர்ந்தது, உட்கார்ந்தால் நாலு பக்கமும் தெரிந்தது, கிளட்ச் காலை முறிக்கவில்லை. வேகமான கார் என்றால் ஓட்டுபவர் கஷ்டப்படத்தான் வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு எடுபடவில்லை.

ஆகவே கார் தாங்குமா என்ற கேள்வியை இந்த அத்தியாயம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் பாதை தாங்குமா என்பதுதான் கேள்வி. வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் பார்க்கிங் வரை ஒரே ஓர் இடத்தில் வண்டி தாண்டாவிட்டாலும், மற்ற இருபது கிலோமீட்டர் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. சென்னையை வைத்தே சொல்கிறேன். வேறு ஊர்க்காரர்கள் தெருப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில் பாதையை அளந்துவிடுங்கள்

முன்பணம் கட்டுவதற்கு முன்னால், இப்போது உங்களிடம் இருக்கும் வண்டியில், ஆபீஸ் போகும் நேரத்திலேயே, அந்தப் பாதையில் போய் வாருங்கள். ஓட்டுவதை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் நோட்டோடு உட்காருங்கள். எத்தனை வேகத்தடை, அவற்றில் எத்தனை பெயின்ட் அடிக்காதவை, மேன்ஹோல் மூடி சாலை மட்டத்துக்கு மேலே நிற்கும் இடம் எது, மெட்ரோ பணிக்காக இரும்புத் தகடு போட்டிருக்கும் இடம் எது, மழை பெய்தால் எந்தச் சுரங்கப்பாதையை மூடுவார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இன்னொரு முறை பாருங்கள். ஒரே தெருவில் போகிற பக்கம் நன்றாகவும் வருகிற பக்கம் குண்டும் குழியுமாகவும் இருப்பது நம் ஊரில் சகஜம்.

அளக்க வேண்டிய இடங்கள் இரண்டு: வீட்டு கேட், ஆபீஸ் பேஸ்மென்ட். புது சாலை போடும்போது பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, பல தெருக்களில் சாலை வீட்டைவிட உயர்ந்துவிட்டது. அதைச் சமாளிக்க வீட்டுக்காரர்கள் வாசலில் சிமென்ட் சரிவு கட்டுகிறார்கள். அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்து என்பதில்தான் உங்கள் முன் பம்பரின் ஆயுசு இருக்கிறது. நீளமான மூக்குள்ள காராக இருந்தால் சரிவில் ஏறுவதற்கு முன்பே உதடு தரையைத் தொடும். சொந்த வீடு என்றால் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிவை இரண்டு அடி நீட்டிவிடுங்கள். ஸ்போர்ட்ஸ் காருக்குச் செய்யும் செலவுகளிலேயே இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தருவது வேறில்லை.

டெஸ்ட் டிரைவ் கொடுக்கும்போது ஷோரூம்காரர்கள் தங்களுக்குப் பழகிய நல்ல சாலையில்தான் கூட்டிப் போவார்கள். உங்கள் வீட்டு கேட்டுக்குள்ளும் ஆபீஸ் பேஸ்மென்டுக்குள்ளும் ஒருமுறை இறக்கி ஏற்ற வேண்டும் என்று கேளுங்கள். இவ்வளவு விலை கொடுப்பவர் இதைக் கேட்பதில் தப்பே இல்லை. மறுத்தால் வேறு ஷோரூமைப் பாருங்கள்.

அடி தட்டும் இடங்கள்

சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர் எல்லோரும் முதலில் பயப்படுவது வேகத்தடைக்கு. பயத்தில் பாதி தேவையில்லாதது. மீதி பாதி மிகவும் தேவையானது. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வட்ட வடிவ வேகத்தடைக்கு அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ. ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 11 முதல் 14 செ.மீ. வரை. 10 செ.மீ. உயரத் தடையை 11 செ.மீ. இடைவெளி உள்ள கார் எப்படித் தாண்டும் என்று தோன்றும். ஆனால் 911-ன் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 2.45 மீட்டர்தான். 3.7 மீட்டர் அகலமுள்ள மேட்டில் கார் நடுவில் நிற்கும்போது நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும்; மேட்டோடு சேர்ந்து வண்டியும் உயர்ந்திருக்கும். மேட்டின் உச்சி அடிப்பகுதியை நோக்கி எழும்புவது சுமார் 4.5 செ.மீ. மட்டுமே. வீல்பேஸ் நீளமான ஃபோர்ட் மஸ்டாங்குக்கு, அதாவது 2.72 மீட்டருக்கு, இது சுமார் 5.5 செ.மீ. ஆகும். இரண்டுமே தட்டாமல் போகும்.

தட்டுவது, அளவு பார்க்காமல் தெருவாசிகளே போட்டுக்கொண்ட தடைகளில். அரை மீட்டர் அகலத்தில், அதே 10 செ.மீ. உயரத்தில், தார் உருண்டையாகக் குவித்திருப்பார்கள். அங்கே முன் சக்கரம் இறங்கியதும் மேடு முழுசாக வண்டியின் வயிற்றுக்கடியில் வந்துவிடும். அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்பிரிங் அழுந்தி, இருந்த ஒரு சென்டிமீட்டரும் போய்விடும். பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். ஆகவே தடைக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும். தடையின் மேல் ஏறும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்து, வண்டி தானாக உருளும் வேகத்தில் விட வேண்டும்.

குறுக்காகச் சாய்த்து ஏற்றுவது இன்னொரு முறை. ஒரு முன் சக்கரம் முதலில் ஏறி மூக்கைத் தூக்கிவிடும்; பம்பர் தப்பிக்கும். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நீங்கள் சாய்த்த உடனே திறந்த இடைவெளியில் டூ-வீலர் புகுந்துவிடும். இரண்டு கண்ணாடியையும் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பின்னால் வருபவருக்குப் புரிந்த பிறகுதான் சாய்க்க வேண்டும். பம்பருக்காக ஒரு மனிதரைத் தள்ளிவிடக் கூடாது.

பேஸ்மென்ட் சரிவில் நிலைமை வேறு. சரிவு முடிந்து தளம் தொடங்கும் இடத்தில் மூக்கு தட்டும். மேலே ஏறி முடியும் முகட்டில் வயிறு தட்டும். பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. வளாகம் ஒன்றின் சரிவில், செக்யூரிட்டி அண்ணன் ஒருவர் கையைக் குறுக்கே நீட்டி என்னை நிறுத்தினார். "சார், நேரா இறக்காதீங்க, அடி தட்டும். சுவத்துப் பக்கம் ஒட்டி வாங்க, அங்க ஓரத்துல ரெண்டு இஞ்ச் தேஞ்சிருக்கு." குனிந்து பார்த்தேன். சரிவு முடியும் இடத்தில் சிமென்ட் விளிம்பில் சிவப்பு, கறுப்பு, சில்வர் என்று வரிவரியாகக் கீறல். ஒவ்வொன்றும் ஒரு காரின் பம்பர் பெயின்ட். சுவர் ஓரத்தில் மட்டும் அந்த விளிம்பு மழுங்கியிருந்தது. "எல்லாரும் ஒருவாட்டி தட்டுனப்புறம்தான் சார் கேப்பாங்க" என்றார். நாள் முழுக்க அங்கே நிற்பவருக்குத் தெரிந்தது எந்த பிரவுஷரிலும் இருக்காது. இப்படிப்பட்டவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மரியாதையாகப் பழகுங்கள்.

முன் பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட் வசதி பல கார்களில் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. 911-ல் பட்டனை அமுக்கினால் மூக்கு சுமார் 4 செ.மீ. எழும்பும். புதியவற்றில் எங்கே தூக்கினீர்கள் என்பதை ஜி.பி.எஸ். மூலம் நினைவில் வைத்து, அடுத்த முறை அதே இடம் வந்ததும் தானே தூக்கிக்கொள்ளும். தினமும் ஓட்டப்போகிறவர் மற்ற ஆடம்பரங்களை எல்லாம் விட்டுவிட்டு இதை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு பொருத்துவது எளிதல்ல. ஆனால் தூக்கப்படுவது மூக்கு மட்டும்தான் என்பதை மறக்காதீர்கள். வயிறு தட்டும் இடத்தில் இது பெரிதாக உதவாது.

நெரிசலும் கியர்பாக்ஸும்

மத்திய கைலாஷில் மாலை ஆறரை மணிக்கு நிற்கும் காருக்கு 300 குதிரைத்திறன் இருந்தால் என்ன, 70 இருந்தால் என்ன. அங்கே உங்களுக்கு வேலை செய்வது கியர்பாக்ஸ். எந்தக் காரை வாங்குவது என்று தயங்குபவர்கள் எஞ்சினைப் பற்றி அரை மணி நேரமும் கியர்பாக்ஸைப் பற்றி அரை நிமிஷமும் கேட்கிறார்கள். தினசரி ஓட்டத்துக்கு அது தலைகீழாக இருக்க வேண்டும்.

பி.எம்.டபிள்யூ. இசட்4-ல் உள்ள 8 கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகை. எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே எண்ணெய்தான் சுழன்று சக்தியைக் கடத்துகிறது. பிரேக்கை விட்டால் மெதுவாக ஊர்ந்து போகும். மணிக்கணக்காக ஊர்ந்தாலும் தேய்வதற்கு இடையில் கிளட்ச் தகடு இல்லை. போர்ஷேயின் பி.டி.கே. போன்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் கம்ப்யூட்டர் கிளட்ச்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்துத்தான் ஊர வைக்கிறது. எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் என்பதால் சூட்டைத் தாங்கும் என்றாலும், தேய்மானம் தேய்மானம்தான். உலர் கிளட்ச் உள்ள வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் தெரியும்.

இரட்டைக் கிளட்ச் வைத்திருப்பவர் பழகிக்கொள்ள வேண்டியது ஒன்றே. முன்னால் உள்ள கார் ஒரு அடி நகர்ந்தால் நீங்களும் ஒரு அடி நகராதீர்கள். இரண்டு கார் நீளம் இடைவெளி விழட்டும். பிறகு கிளட்ச் முழுசாகப் பிடிக்கும் அளவுக்கு நகர்ந்து, மறுபடி நில்லுங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். பாலத்தின் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தொங்கலில் நிறுத்துவது கிளட்ச்சை எரிக்கும் வேலை. அங்கே பிரேக்கில் நில்லுங்கள்.

மேனுவல் கியர்தான் உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஏற்காடு மலைப்பாதையில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் கிண்டியிலிருந்து சிறுசேரி வரை தினமும் இரண்டு வேளை முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே காலை ஆட்டிக்கொண்டிருந்தால், ஒரு வருடத்தில் வண்டி மேல் இருந்த பிரியமே போய்விடும். தினசரி வண்டிக்கு ஆட்டோமேட்டிக்கே எடுங்கள்.

இன்னொரு விஷயம் தூரம். ஆபீஸ் நாலு கிலோமீட்டரில் இருக்கிறது, அதனால் வண்டிக்கு வேலை குறைவு என்று நினைக்கிறோம். எஞ்சினுக்கு அதுதான் கெடுதல். ரேடியேட்டர் தண்ணீர் சூடாகிவிட்டாலும் எஞ்சின் ஆயில் சூடாக இன்னும் நேரமாகும். ஆயில் சூடாவதற்குள் அணைத்துவிட்டால், உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. குறைந்த தூரம் ஓட்டுபவர்கள் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதக் கணக்கில் ஆயில் மாற்றுங்கள். ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் இருந்தால், 80 டிகிரி வரும்வரை எஞ்சினை விரட்டாதீர்கள்.

மழைக்காலம்

அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் டிசம்பர் வரை சென்னைக்காரர் எல்லோருக்கும் ஒரு கண் வானத்தில்தான். 2015 டிசம்பரையும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரையும் பார்த்த ஊருக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் போகிறவர் மூழ்கிவிடும் ஆழம் மற்றவர்களுக்குக் கணுக்கால் ஆழம் என்பதால், இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

எஞ்சின் காற்றை இழுக்கும் இடத்தில் தண்ணீர் புகுந்தால் சிலிண்டருக்குள் போய்விடும். காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. பிஸ்டன் மேலே வரும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு எஞ்சினையே இறக்க வேண்டும். இதில் பெரும்பாலான சேதம் தண்ணீரால் நடப்பதைவிட, அணைந்த வண்டியை மறுபடி செல்ஃப் அடிப்பதால் நடக்கிறது. தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டால் பட்டனைத் தொடாதீர்கள். இறங்கி, தள்ளி ஓரம் கட்டுங்கள். ரெக்கவரி வண்டி வரட்டும். தண்ணீரில் அணைந்த வண்டியைக் கிளப்பப் போய் எஞ்சின் கெட்டால், சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி பொதுவாகக் கொடுக்காது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கூடுதல் கவர் உண்டு. சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் அதை எடுக்காமல் பாலிசியைப் புதுப்பிக்கவே கூடாது.

எவ்வளவு தண்ணீரில் இறங்கலாம் என்பதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். நடைபாதை விளிம்புக் கல் பொதுவாக 15 செ.மீ. அளவில் இருக்கும். அந்தக் கல் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் மெதுவாகப் போகலாம், எதிரே பஸ் வராத நேரம் பார்த்து. பஸ் கிளப்பும் அலை ஒன்றே போதும். கல் மறைந்துவிட்டால் திரும்பிவிடுங்கள். துரைசாமி சுரங்கப்பாதை, கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களுக்கு இந்த அளவுகோலும் வேண்டாம். பலத்த மழை என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

தேங்காத தண்ணீரும் ஆபத்துதான். அகலமான டயர் உலர்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும். ஈரத்தில் தண்ணீரை விலக்க முடியாமல் அதன் மேலேயே மிதக்கத் தொடங்கும். 911-ன் சமீபத்திய தலைமுறையில் முன் சக்கர வளைவுக்குள் தண்ணீர் தெறிக்கும் சத்தத்தைக் கேட்டு எச்சரிக்கும் சென்சாரே வைத்திருக்கிறார்கள். போர்ஷேக்காரர்களே இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. சட்டப்படி டயர் பள்ளம் 1.6 மி.மீ. வரை தேயலாம். உங்கள் பின் டயர் 3 மி.மீ.க்கு வந்ததுமே மாற்றிவிடுங்கள், அதுவும் செப்டம்பருக்குள்.

ஸ்போர்ட்ஸ் கார் உள்ள வீட்டில் மழை நாளுக்கு இன்னொரு வழி கட்டாயம் வேண்டும். அது பழைய ஆல்டோவாக இருந்தாலும் சரி, மெட்ரோ கார்டாக இருந்தாலும் சரி.

டயர், பஞ்சர் கடை

டயரின் பக்கச் சுவர் உயரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஸ்விஃப்ட்டின் 185/65 டயரில் 185-ல் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ. ரப்பர் சுவர், அலாய் வீலுக்கும் பள்ளத்துக்கும் நடுவே நிற்கிறது. 911 கரேராவின் முன் டயர் 235/40, சுவர் 94 மி.மீ. கரேரா எஸ்-ல் 245/35, சுவர் 86 மி.மீ. மேலே போகப் போக வீல் பெரிசாகிறது, ரப்பர் குறைகிறது, பள்ளத்தின் அடி நேராக அலாயில் விழுகிறது. ஷோரூமில் 20, 21 இஞ்ச் வீல் கண்ணைப் பறிக்கும். பிரேக்குக்கு இடம் கொடுக்கும் அளவில் எது மிகச் சிறிய வீலோ அதையே கேட்டு வாங்குங்கள்.

ஸ்டெப்னி பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களில் கிடையாது. ஒரு பம்பும் ஒரு குப்பி பஞ்சர் திரவமும் கொடுத்திருப்பார்கள். ஆணி ஏறினால் அது போதும். பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றுக்கும் ஆகாது. அப்போது வண்டியை முழுசாகத் தூக்கி மேலே வைத்துப் போகும் தட்டைத்தள ரெக்கவரி வண்டிதான் வேண்டும். முன்பக்கத்தைக் கொக்கியில் தூக்கி இழுக்கும் கிரேன் வந்தால் அனுப்பிவிடுங்கள். இழுக்கும் கொக்கி டூல் பையில் தனியாக இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி அதில் திருக வேண்டும். வண்டி வந்த முதல் வாரத்திலேயே அதை ஒருமுறை திருகிப் பார்த்துவிடுங்கள். நடுரோட்டில், மழையில், இரவில் கற்றுக்கொள்ளும் விஷயம் இல்லை அது.

பஞ்சர் கடைக்குப் போனால் ஜாக்கி வைப்பதற்கு முன் நீங்கள் இறங்கி நில்லுங்கள். கடைத் தம்பி பழக்கத்தில் கதவுக்கடியில் எங்காவது வைத்து ஏற்றிவிடுவார். அங்கே பிளாஸ்டிக் தகடு மட்டும்தான் இருக்கும், உடைந்துவிடும். ஜாக்கி வைக்கும் இடத்தைப் புத்தகத்தில் பார்த்து, நாலு இடத்திலும் சின்னதாகப் பெயின்ட் பொட்டு வைத்துவிடுங்கள். தட்டையான ரப்பர் கட்டை ஒன்றும் டிக்கியில் இருக்கட்டும். தாழ்ந்த வண்டிக்கு ஏற்ற ஜாக்கி உள்ள கடை எது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளும் சாமானும்

டிக்கி பலரும் நினைப்பதைவிடப் பரவாயில்லை. இசட்4-ல் 281 லிட்டர் இடம். லேப்டாப் பை, சாப்பாட்டுக் கூடை, ஜிம் பை எல்லாம் போட்டாலும் காய்கறிக்கு இடம் மிஞ்சும். போர்ஷே 718 பாக்ஸ்டருக்கு முன்னால் 150, பின்னால் 125 என்று இரண்டு டிக்கிகள். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் டிக்கியில் சூடு ஏறும். தயிர்சாதத்தை முன்னால் வையுங்கள்.

கஷ்டம் ஏறி இறங்குவதில். இந்தக் கார்களின் சீட் முழங்காலுக்கும் கீழே இருக்கும். முதலில் காலை நுழைக்காதீர்கள்; சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். புடவை கட்டியவர்களுக்கும் இதுவே வசதி. வயதான அம்மா அப்பாவை மருத்துவமனைக்கோ கோயிலுக்கோ கூட்டிப் போக இந்த வண்டியை எடுக்காதீர்கள். அவர்கள் முகம் சுளிக்காமல் ஏறுவார்கள், "நல்லாத்தான் இருக்குப்பா" என்பார்கள். இறங்கும்போது இடுப்பு வலி அவர்களோடு போகும்.

பார்க்கிங் கட்டம் வழக்கமாக 2.5 மீட்டர் அகலம். 911-ன் அகலம் 1.85 மீட்டர். நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு ஓரடிதான் மிஞ்சும். இரண்டு கதவு வண்டியின் நீளமான கதவு அதில் திறக்காது. தூண் உள்ள கட்டமாகப் பார்த்து, தூண் உங்கள் இடப்பக்கம் வரும்படி அதை ஒட்டி நிறுத்துங்கள். உங்கள் கதவுக்கு இடமும் கிடைக்கும், ஒரு பக்கத்துக்காவது அடுத்த வண்டிக்காரரின் கதவு இடிக்காமலும் இருக்கும். அடுக்குப் பார்க்கிங் எந்திரம் உள்ள கட்டிடங்களில் தட்டின் அகலத்தையும் விளிம்பு உயரத்தையும் முன்பே விசாரியுங்கள்.

மேற்கூரை திறக்கும் கார் சென்னைக்கு எதற்கு என்று கேட்பார்கள். டிசம்பர் பாதிக்கு மேல் பிப்ரவரி வரை, காலை எட்டு மணிக்கு முன்னால், பெசன்ட் நகர் பக்கம் கூரையைத் திறந்து ஓட்டிப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். மற்ற நேரங்களில் மூடியே வைத்திருங்கள். பஸ் புகையும் வெயிலும் யாருக்கும் நல்லதில்லை.

செலவு

ஒரு பக்கம் 20 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் 880 கிலோமீட்டர். மூன்று லிட்டர் டர்போ எஞ்சின் நகர நெரிசலில் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்தால் சுமார் 147 லிட்டர்; லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 14,700 ரூபாய். பெட்ரோல் மூடியின் உட்புறம் எந்த ஆக்டேன், எவ்வளவு எத்தனால் வரை என்று ஒட்டியிருப்பதைப் படியுங்கள். பல கார்கள் 95 ஆக்டேனுக்குக் குறையாமல் கேட்கும். பங்க்கில் போடுவது எந்த ஆக்டேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்ததைப் போட்டாலும் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும், ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சக்தி குறையும்.

பெட்ரோல் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய செலவு டயர், இன்ஷூரன்ஸ், விற்கும்போது விழும் விலை ஆகிய மூன்றும்தான். கார்பன் செராமிக் பிரேக்கைத் தினசரி வண்டிக்கு எடுக்காதீர்கள். மாற்றும்போது வரும் பில்லுக்கு ஒரு சின்னக் காரே வாங்கலாம். இரும்பு டிஸ்க் நம் வேகத்துக்குத் தாராளம்.

வேகம்

இந்த வண்டி சிக்னலில் நின்றால் பக்கத்தில் ஒரு பைக் வந்து நிற்கும். பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஆக்ஸிலேட்டரை முறுக்கி உங்களைப் பார்ப்பான். பின்னால் உட்கார்ந்திருப்பவன் செல்போனை எடுத்துப் படம் பிடிப்பான். தினமும் ஓட்டினால் இது தினமும் நடக்கும். கண்ணாடியை இறக்கி, சிரித்துக் கையசைத்துவிட்டு, அவனை முன்னால் போக விடுங்கள். நீங்கள் ஒருமுறை அழுத்தினால் அவன் தொடர்வான்; உங்களுக்கு ஏர்பேக் இருக்கிறது, அவனுக்கு ஹெல்மெட்கூட இருக்காது. அதிகாலையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் கிளப்பும்போதும் சத்தம் குறைந்த மோடில் கிளப்புங்கள். சைலன்சரை மாற்றிச் சத்தம் ஏற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி குற்றம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் கெடுதல்.

வேகம் வேண்டும் என்று மனசு கேட்கத்தான் செய்யும், அதற்காகத்தானே வாங்கினீர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக் இருக்கிறது. கோவையில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. பொதுமக்கள் சொந்தக் காரை ஓட்ட விடும் நாட்களை விசாரித்து, ஹெல்மெட்டோடு போங்கள். டிராக்கில் நடக்கும் சேதத்தைச் சாதாரண இன்ஷூரன்ஸ் ஏற்காது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். காரின் முழு வேகத்தையும் அங்கே மட்டும் பாருங்கள். ஓ.எம்.ஆரிலும் ஈ.சி.ஆரிலும் வேண்டாம்.